அந்தத் தண்ணீர் யாருடையது? பானக் கம்பெனியில் பணம் போடும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

ஒரு வெட்டுத் திராட்சை லாரி ஏறி, வியாபாரி கணக்கு முடித்து, கையில் நாலு காசு தங்கும் நேரம் பார்த்துத்தான் சிலர் ஊருக்குள் வருவார்கள். பளபளப்பான துண்டறிக்கை ஒன்று கையில் இருக்கும். "அண்ணே, இங்கனயே ஜூஸ் கம்பெனி வருது. கூடவே பாட்டில் தண்ணியும் போடப் போறோம். தண்ணிக்குப் பஞ்சமே இல்லண்ணே, சுருளி பக்கத்துலதான இருக்கு? நாலு ஏக்கர் கம்பெனி பேர்ல பட்டா, ரெண்டு போர் போட்டாச்சு. அடுத்த வருசம் மூணு மடங்கு பெருசாக்குறோம். இப்ப ஒரு லட்சம் போட்டீங்கன்னா..." என்று பேச்சு ஓடும்.

சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டியதில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெட்டிய பழம் அதிக நாள் தாங்காது. விலை விழுந்த நாளில் பழத்தை வாங்கிச் சாறு பிழிய ஓர் ஆலை பக்கத்தில் இருந்தால் சுருளிப்பட்டிக்கும் நாராயணத்தேவன்பட்டிக்கும் நல்லதுதான். ஆகவே இந்தக் கட்டுரை "போடாதீர்கள்" என்று சொல்ல வரவில்லை. போடும் முன் எந்தக் காகிதத்தை எந்த அலுவலகத்தில் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உட்கார்ந்து பானக் கம்பெனிப் பங்கு வாங்குகிறவருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அவருக்குப் போனால் பணம் மட்டும்தான் போகும். உங்கள் நிலை அப்படியல்ல. கம்பெனிக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் உங்கள் பணம் போகும். கிடைத்து அளவுக்கு மேல் உறிஞ்சினால் உங்கள் கிணறு போகும், அதோடு பந்தலும் காயும். உங்கள் பணமும் உங்கள் தண்ணீரும் ஒரே இடத்தில் சிக்குகின்றன. அதனால் லாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை லிட்டர், யார் கொடுத்த அனுமதி?" என்று கேட்க வேண்டும்.

சுருளித் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா, போர்த் தண்ணீரா?

"தண்ணீர் இருக்கிறது" என்று சொன்னால் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். நம் பள்ளத்தாக்கில் அது மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

சுருளி அருவி வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. மேலே இருக்கும் மலைக்காடு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 29-ஆவது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் வரும் நீரையோ வெளியே போகும் நீரையோ திருப்பவும் தடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதுவும் வன உயிரினங்களின் நன்மைக்காக என்றால்தான் கொடுக்க முடியும். பாட்டில் வியாபாரத்துக்கு அந்த வாசல் திறக்காது. பாட்டிலில் அருவிப் படம் போட்டிருப்பதால் உள்ளே இருப்பது அருவி நீர் ஆகிவிடாது. பெரும்பாலும் அது எங்கோ ஒரு போரில் எடுத்துச் சுத்திகரித்த நீராகத்தான் இருக்கும். யாராவது "சுருளி ஊற்றுநீர் உரிமை எங்களிடம் இருக்கிறது" என்றால் அனுமதி ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். கேட்ட உடனே பேச்சு வேறு பக்கம் திரும்பினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆற்று நீரின் கதை இன்னும் பழையது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 1895-இல் அணை முடிந்தது. பென்னிகுவிக் பெயரை இங்கே குழந்தைகளுக்கு வைக்கிறோம், பொங்கலும் வைக்கிறோம். அந்த நீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக ஆயக்கட்டு நிற்கிறது. லோயர்கேம்பிலிருந்து மதுரைக்குக் குழாய் வழியே குடிநீர் கொண்டு போகும் திட்டம் வந்தபோது பள்ளத்தாக்கு விவசாயிகள் எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதுவாவது குடிக்கத் தண்ணீர். ஆற்று நீரைத் தொழிலுக்கு எடுக்க வேண்டுமானால் நீர்வளத் துறை வழியாக, அளவு குறிப்பிட்ட அரசு அனுமதி வேண்டும். ஆயக்கட்டு நிலத்தை விலைக்கு வாங்கினால் பாசனப் பாத்தியதைதான் கூட வரும். மடைத் தண்ணீரைப் பாட்டிலில் அடைக்கும் உரிமை வராது. ஆற்றோரம் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, குழாயில் வெளியே கொண்டு போவதையும் சிலர் "எங்க கிணறு, எங்க தண்ணி" என்பார்கள். அது இந்தப் பள்ளத்தாக்கில் பழைய சண்டை. அப்படிப்பட்ட கிணற்றை நம்பி ஆலை நடக்கப் போகிறது என்றால், என்றைக்கு வேண்டுமானாலும் மின் இணைப்பு துண்டிக்கப்படலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் போர்த் தண்ணீர். நடைமுறையில் சிறிய பானக் கம்பெனிகள் நம்பியிருப்பது இதைத்தான். குழப்பம் அதிகம் இருப்பதும் இதில்தான். "என் நிலம், என் போர், எவன் கேட்பான்?" என்ற பேச்சு விவசாயிகளிடமும் உண்டு, கம்பெனிக்காரர்களிடமும் உண்டு. அதற்கு ஒரு பழைய சட்ட ஆதாரமும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், திட்டமான ஓடையாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்கிறது. ஏற்றமும் கமலையும் இறைத்த காலத்து எழுத்து அது. ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான லிட்டர் இழுக்கும் நீர்மூழ்கி மோட்டாரை அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிளாச்சிமடா சொல்லும் பாடம்

கம்பம்மெட்டு ஏறினால் கேரளம். அதே கேரளத்தில், பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது பிளாச்சிமடா. தமிழ் பேசும் குடும்பங்களும் வாழும் ஊர். 2000-இல் கோகோ கோலாவின் ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஏறத்தாழ 34 ஏக்கர் சொந்த நிலம், சொந்தப் போர்கள். பட்டாவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுற்றிலும் கிணறுகள் வற்றுகின்றன, தண்ணீர் கெடுகிறது என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே, நில உரிமையாளர் என்பதற்காக ஒருவர் வரம்பில்லாமல் எடுக்க முடியாது என்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் முதலீடு செய்கிறவர் கவனிக்க வேண்டும். 2005 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அமர்வு கம்பெனிக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. வழக்கில் ஜெயித்தாயிற்று. ஆனால் ஆலை பழையபடி ஓடவே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2010-இல் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு, அந்தப் பகுதிக்கு நேர்ந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2017-இல் அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனியே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. உலகப் பெரிய கம்பெனி அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். நாலு ஏக்கரில் இரண்டு போர் போட்டு, ஊரில் பணம் திரட்டி நடத்துகிற கம்பெனி தாங்குமா?

தமிழ்நாட்டில் போர்த் தண்ணீரைத் தொழிலுக்கு எடுப்பதை இப்போது முறைப்படுத்துவது பொதுப்பணித் துறை 2014 ஜூலையில் வெளியிட்ட அரசாணை எண் 142. (2003-இல் நிலத்தடி நீருக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அது நடைமுறைக்கு வராமலே 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. "சட்டமே இல்லையே, அனுமதி எதுக்கு?" என்று சிலர் கேட்பது இதை வைத்துத்தான். அரசாணை இருக்கிறது என்பதே அதற்குப் பதில்.) நீர்வளத் துறையின் கீழ் உள்ள மாநில நிலத்தடி மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவரக் குறிப்பு மையம் தடையின்மைச் சான்று தருகிறது. பேச்சு வழக்கில் என்ஓசி என்பது இதுதான். இந்தச் சான்று இல்லாமல் நடந்த குடிநீர் பாட்டில், கேன் ஆலைகளை 2020 தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி மாநிலம் முழுவதும் மூடி முத்திரை வைத்ததும், கேன் தண்ணீர்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஆலைகளும் அதில் அடக்கம். "பத்து வருசமா ஓடுது, இதுவரைக்கும் யாரும் கேக்கல" என்பது அனுமதி ஆகாது.

சான்று கிடைக்குமா கிடைக்காதா என்பதை ஓரளவு நீங்களே கணிக்கலாம். மாநிலத்தின் ஒவ்வொரு குறுவட்டத்தையும், அதாவது பிர்க்காவை, நிலத்தடி நீர் நிலையைப் பார்த்துத் தரம் பிரித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் மழையால் ஊறிச் சேரும் நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் 'பாதுகாப்பானது', 70-லிருந்து 90 வரை 'மித அபாயம்', 90-லிருந்து 100 வரை 'அபாயம்', நூறைத் தாண்டினால் 'மிகை நுகர்வு'. கடைசி இரண்டு வகையில் வரும் குறுவட்டத்தில் தண்ணீரையே மூலப்பொருளாக வைத்துப் புது ஆலை தொடங்குகிறோம் என்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் வருவாய்க் கிராமம் எந்தக் குறுவட்டம் என்பதை வி.ஏ.ஓ. சொல்வார். அந்தக் குறுவட்டத்தின் இப்போதைய தரம் என்ன என்பதை நிலத்தடி நீர்ப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும்; மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்தது இன்றைக்கு உதவாது.

மூன்று எண்கள் ஒத்துப்போகின்றனவா?

இப்போது கணக்குப் போடுவோம். இதற்குக் கல்லூரிப் படிப்பு வேண்டாம், கைபேசி போதும்.

ஒரு கம்பெனி "விரிவாக்கம் முடிந்ததும் நாளைக்கு 20,000 பெட்டி" என்று துண்டறிக்கையில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 24 பாட்டில், பாட்டிலுக்கு 200 மில்லி என்றால் பெட்டிக்கு 4.8 லிட்டர்; மொத்தம் 96,000 லிட்டர் பானம். பானம் 96,000 லிட்டர் என்றால் தண்ணீரும் அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டில் கழுவ, எந்திரம் கழுவ, சுத்திகரிப்பில் கழிவாகப் போவது எல்லாம் சேரும். நல்ல எந்திரம் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளே ஒரு லிட்டர் பானத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீர் செலவிடுகின்றன. அப்படிப் பார்த்தால் நாளொன்றுக்கு 1,92,000 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளுகிற போர் ஒன்று 16 மணி நேரம் ஓடினால் 96,000 லிட்டர். ஆக, அப்படிப்பட்ட இரண்டு போர் சித்திரை வெயிலிலும் குறையாமல் தினமும் 16 மணி நேரம் ஓட வேண்டும். நம்ம ஊர்ப் போரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து தடையின்மைச் சான்றைப் பாருங்கள். நாளொன்றுக்கு இத்தனை லிட்டர், இந்தத் தேதி வரை என்று அளவும் காலமும் அதில் இருக்கும். 50,000 லிட்டர் என்று இருந்தால், அதில் 25,000 லிட்டர் பானம்தான் வரும். சுமார் 5,200 பெட்டி. 20,000 என்று சொன்னது அனுமதிப்படி நாலில் ஒரு பங்கு.

மூன்றாவது எண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் இருக்கிறது. ஆலை கட்ட ஓர் இசைவு, ஓட்ட இன்னோர் இசைவு என்று இரண்டு உண்டு. என்ன பொருள், மாதத்துக்கு எவ்வளவு தயாரிக்கலாம், நாளொன்றுக்கு எத்தனை கிலோ லிட்டர் கழிவுநீர் வரலாம் என்று அதில் எழுதியிருப்பார்கள். ஒரு கிலோ லிட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். உற்பத்தியைக் கூட்டினால் விரிவாக்கத்துக்குப் புதிதாக இசைவு வாங்க வேண்டும். துண்டறிக்கையில் ஒரு எண், நீர்ச் சான்றில் ஒரு எண், இசைவாணையில் ஒரு எண் என்று மூன்றும் மூன்று திசையில் இருந்தால், குறைந்த எண்ணைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் துண்டறிக்கை எண் ஒருபோதும் குறைந்ததாக இருந்ததில்லை.

இன்னொரு சின்ன விஷயம். போருக்கு எந்த மின் இணைப்பு என்று பாருங்கள். விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் நீர் எடுத்து ஆலைக்கோ டேங்கர் லாரிக்கோ கொடுத்தால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு ஆகும். அபராதக் கட்டணம் வரும். பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் தண்ணீர் வாங்கி ஆலையை ஓட்டுவோம் என்கிற கம்பெனி, அந்தத் தோட்டக்காரர்களையும் சேர்த்தே சிக்கலில் மாட்டிவிடுகிறது.

"அடுத்த வருசம் மூணு மடங்கு"

விரிவாக்கம் என்பது பணம் திரட்டுகிறவர்களுக்குப் பிடித்த சொல். நடந்து முடிந்த சில விஷயங்களைப் பார்த்தால் அந்தச் சொல்லின் எடை தெரியும்.

ஈரோடு மாவட்டம் பெருந்துறை சிப்காட்டில் கோகோ கோலாவின் துணை நிறுவனத்துக்கு 71 ஏக்கருக்கு மேல் ஒதுக்கினார்கள். உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஏப்ரலில் சிப்காட் அந்த ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. ஒதுக்கீட்டு ஆணை கையில் இருப்பதும் ஆலை ஓடுவதும் ஒன்றல்ல. வாரணாசி அருகே மெஹ்திகஞ்சில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பெரிதாக்கும் திட்டத்தை, நிலத்தடி நீர் அனுமதி சிக்கலாகி, 2014-இல் அதே கம்பெனி கைவிட்டது.

திருநெல்வேலி கங்கைகொண்டான் சிப்காட்டில் நடந்தது வேறு மாதிரி. அங்கே தாமிரபரணி நீரை ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்ற விலையில் பான ஆலைகளுக்குக் கொடுத்துவந்தார்கள். 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது. உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2017 மார்ச் 2-இல் வழக்குகள் தள்ளுபடியாகி, தடை நீங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்ற முடிவை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தன. அனுமதி முறையாக இருந்தும், கடைசியில் வழக்கு சாதகமாக முடிந்தும், மூன்று மாதத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் நிச்சயமில்லாமல் இருந்தது.

அந்த விலையை இன்னொரு தடவை பாருங்கள். லிட்டருக்கு நாலு காசு கூட ஆகவில்லை. பானக் கம்பெனியின் வரவு செலவில் சர்க்கரை, பாட்டில், லாரி வாடகை, விளம்பரம் எல்லாம் பெரிய எழுத்தில் நிற்கும். தண்ணீர் எங்கோ மூலையில் கிடக்கும். கணக்கு மட்டும் பார்க்கிறவர் கண்ணில் அது படாது. ஆனால் மற்ற எதற்கும் மாற்று உண்டு, அதற்குக் கிடையாது.

எனவே விரிவாக்கம் என்று சொன்னால் எதுவரை வந்திருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். நிலம் வாங்கியாயிற்றா, ஒப்பந்தம் மட்டுமா? பட்டாவையும் அ-பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சர்வே எண் போட்டு நீங்களே பார்க்கலாம். நஞ்சையா புஞ்சையா என்பது அதில் தெரியும். நஞ்சை என்றால் தொழிற்பயன்பாட்டுக்கு மாற்றுவது எளிதல்ல. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்த்தால், அதே நிலம் ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது வெளியே வரும். கைபேசியில் முடியாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி, ஆலை கட்டவும் எந்திரம் நிறுவவும் ஊராட்சியின் அனுமதி வேண்டும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கும்.

பணத்தை யார் பெயரில், எந்த வழியில் கேட்கிறார்கள்?

தண்ணீர் சரியாக இருந்தாலும் பணம் வாங்கும் முறை தப்பாக இருக்கலாம். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் 21 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறியீடு வரும். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது, 'யு' என்றால் இல்லை. நடுவில் உள்ள நாலு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. "முப்பது வருசப் பாரம்பரியம்" என்று சொன்ன கம்பெனி போன வருடம் பதிவானதாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அனுமதிக்கப்பட்ட மூலதனம், செலுத்தப்பட்ட மூலதனம் என்று இரண்டு தொகை காட்டும். பத்துக் கோடி என்று பீற்றிக்கொள்வது முதலாவது. உண்மையில் போட்ட பணம் இரண்டாவது. சில சமயம் அது வெறும் ஒரு லட்சமாக இருக்கும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்க அழைப்பு விடுக்கவே கூடாது. தெரிந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு கொடுக்க கம்பெனிகள் சட்டம் 2013-இன் 42-ஆவது பிரிவு வழி தருகிறது. ஆனால் நிதியாண்டுக்கு 200 பேருக்கு மேல் போகக் கூடாது. உங்கள் பெயர் போட்ட சலுகைக் கடிதம் வேண்டும். பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், ரொக்கம் கூடாது. 60 நாளுக்குள் பங்கு ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். விளம்பரம் செய்வதும், ஏஜெண்டு வைத்துப் பொதுமக்களிடம் சொல்வதும் அந்தப் பிரிவிலேயே தடை. அதாவது, சுருளிப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் துண்டறிக்கை கொடுத்த நிமிடமே சட்டம் மீறப்பட்டுவிட்டது.

"பங்கு இல்லண்ணே, டெபாசிட். மாசம் மூணு வட்டி, இல்லேன்னா திராட்சைக்குக் கூடுதல் விலை" என்றால் அது இன்னும் ஆபத்து. ஈமு கோழிக்குப் பணம் போட்டவர்கள் 2012-இல் இதே மாதிரிப் பேச்சைத்தான் கேட்டிருந்தார்கள். பணம் வாங்கும் நிறுவனத்துக்கு டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரி, காகிதம் தர மறுத்தால்?

நேர்மையான கம்பெனி காகிதத்தைக் காட்டத் தயங்காது. "ஆபீசுக்கு வாங்க, பாத்துக்கலாம்" என்று இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், வெள்ளைத்தாள் போதும், இணையத்திலும் போடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். கம்பெனியின் கருத்தையும் கேட்க வேண்டியிருந்தால் 40 நாள் ஆகும்.

கேள்வியை நறுக்கென்று எழுதுங்கள். "இந்தக் கம்பெனி நல்லதா?" என்று கேட்டால் பதில் வராது. நீர்வளத் துறைக்கு இப்படி எழுதலாம்: "உத்தமபாளையம் வட்டம், இன்ன வருவாய்க் கிராமம், இன்ன சர்வே எண்ணில் தொழில் பயன்பாட்டுக்கு நிலத்தடி நீர் எடுக்கத் தடையின்மைச் சான்று வழங்கப்பட்டுள்ளதா? ஆம் எனில் சான்றின் நகல், நாளொன்றுக்கு அனுமதித்த அளவு, சான்று முடியும் தேதி ஆகியவற்றைத் தரவும். விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா, நிராகரிக்கப்பட்டதா?" மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இசைவாணை நகல், ஊராட்சிக்குத் தீர்மான நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டால் "எங்கள் அலுவலகம் சார்ந்ததல்ல" என்று பாதி திரும்பி வரும். வணிக ரகசியம் என்று சொல்லி மறுக்கப் பார்த்தால் மேல்முறையீடு செய்யுங்கள். பானத்தின் செய்முறை ரகசியமாக இருக்கலாம். ஊர்த் தண்ணீரில் எத்தனை லிட்டர் என்பது எப்படி ரகசியமாகும்?

"இந்த வாரத்தோட சலுகை முடியுதுண்ணே" என்பார்கள். முடியட்டும். நாற்பது நாள் காத்திருக்க முடியாத கம்பெனிக்கு நாலு வருடம் நடக்கும் உத்தேசம் இருக்காது.

கிராம சபையையும் மறந்துவிடாதீர்கள். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அங்கே கேட்கும் கேள்வி தீர்மானமாக எழுதப்படும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் முன்னிலையிலேயே நீர்வளத் துறை அதிகாரியிடம் கேட்கலாம்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் ரசீது, வங்கிப் பரிமாற்றம், துண்டறிக்கை, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். முதிர்ந்த டெபாசிட் திரும்பி வரவில்லை என்றால் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். வட்டியாக மட்டுமல்லாமல் பொருளாகவோ சேவையாகவோ திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய பணமும் அந்தச் சட்டத்தில் டெபாசிட்தான். அதற்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையில் இருக்கிறது. ஊரில் பத்துப் பேர் ஏமாந்திருந்தால் பத்துப் பேரும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். ஒருவர் பின்னால் மற்றவர்கள் ஒளிந்துகொண்டால் வழக்கு மெலிந்துவிடும்.

பணம் போடுகிறீர்களோ இல்லையோ, ஒரு வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். நூல் கயிற்றில் கல்லைக் கட்டி, ஒவ்வொரு அமாவாசை அன்றும் காலையில் மோட்டார் போடுவதற்கு முன் உங்கள் கிணற்றின் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். ஆலை வந்த பிறகு மட்டம் இறங்கியது என்று அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ சொல்ல வேண்டி வந்தால், ஆலை வருவதற்கு முன் மட்டம் எங்கே இருந்தது என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.